இயங்குதளத்தை மாற்றிய பின் கணினி முடங்கினால், வைஃபை அறுந்தால்: டர்பன் வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. அதையொட்டிய மாதங்களில் எனக்குத் தெரிந்த பலர் தங்கள் மடிக்கணினிகளில் விண்டோஸ் 11ஐ ஏற்றிக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் தமிழ் வகுப்பின் கணினிகளைப் பராமரிப்பவன் என்பதால், வகுப்புக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்து வரும் தாத்தாக்களும் ஆயாக்களும்கூட தங்கள் வீட்டுக் கணினியைப் பையில் போட்டு எடுத்து வந்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்லும் முறையீடு ஏறக்குறைய ஒன்றுதான்: "புதுசு போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று விழுந்து எழுகிறது தம்பி, வைஃபையும் நிற்பதில்லை."

இவை இரண்டும் இரு வேறு நோய்கள் என்று எண்ணி, ஒன்றுக்குக் கணினிக் கடைக்கும் மற்றொன்றுக்கு இணைய நிறுவனத்துக்கும் அலைபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நான் பார்த்த கணினிகளில் பெரும்பாலானவற்றில் இரண்டுக்கும் வேர் ஒன்றாகவே இருந்தது: வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் என்னும் நிரல். ஒரு சாதாரணச் செயலி பிழை செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். டிரைவரோ இயங்குதளத்தின் கருவறையில், அதாவது கெர்னலில், வேலை செய்வது. அங்கே பிழை நேர்ந்தால், கோப்புகள் கெட்டுவிடாமல் இருக்க விண்டோஸ் தானாகவே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. இயங்குதளத்தை மேம்படுத்தும்போது, அந்த மடிக்கணினிக்கென்று அதன் தயாரிப்பாளர் கொடுத்திருந்த டிரைவரின் இடத்தில் பொதுவான வேறொரு பதிப்பு வந்து அமர்ந்துவிடுவது உண்டு. அது அந்த அட்டைக்கு ஒத்துவராவிட்டால் ஒரு நேரம் இணைப்பு அறும், இன்னொரு நேரம் கணினியே விழும், அதாவது திடீரென நின்று மறுபடி தொடங்கும்.

ஆகவே இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்துவது ஒரே முறையைத்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள், அதன் பின் குறைந்தது ஒரு நாளாவது கணினியைப் பயன்படுத்திப் பாருங்கள். ஐந்து மாற்றங்களை ஒரே மாலையில் செய்தவருக்கு, எது குணப்படுத்தியது, எது புதிதாகக் கெடுத்தது என்று எப்போதும் தெரியப்போவதில்லை.

தொடங்கும் முன்: பத்து நாள் கணக்கு

மேம்படுத்திய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பிச் செல்லும் வழி திறந்திருக்கிறது. பழைய இயங்குதளம் சி டிரைவில் 'விண்டோஸ் ஓல்டு' என்ற கோப்புறையில் கிடக்கிறது. பத்து நாள் கழிந்ததும் கணினியே அதை அழித்துவிடும். இடம் போதவில்லை என்று அந்தக் கோப்புறையை நீங்களே முந்திக்கொண்டு அழித்துவிடாதீர்கள். மேம்படுத்திய நாளை நாட்காட்டியில் குறித்து, ஒன்பதாம் நாளுக்குள் முடிவெடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் படியெடுங்கள். கணினி அவ்வப்போது விழுந்தாலும் இன்னும் திறக்கிறது என்றால், அதைச் செய்வதற்கு இதைவிட நல்ல வேளை வராது.

மூன்றாவது, பிட்லாக்கர் மீட்புத் திறவுகோல். பல புதிய மடிக்கணினிகளில் உரிமையாளர் அறியாமலேயே வட்டு பூட்டப்பட்டிருக்கும். விண்டோஸ் எழும்முன் இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் ஏதாவது மாற்றினாலோ, பாதுகாப்பு முறையில் (சேஃப் மோடில்) திறக்க முயன்றாலோ அது 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றுவிடக்கூடும். கைபேசியிலிருந்து உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் அந்த எண் பெரும்பாலும் அங்கே இருக்கும். தாளில் எழுதி வையுங்கள். கைபேசியில் படம் பிடித்தால் போதுமென்று நினைத்து, பின்னர் அந்தக் கைபேசியையும் தொலைத்துவிட்டுக் கண் கலங்கி நின்ற ஒரு அக்காவை நான் மறக்கவில்லை.

முதல் படி: மின்சாரத்தைச் சந்தேகியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் கணினி திடீரென அணைந்தால் மென்பொருளைக் குறைசொல்லும் முன் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த 2023இல், நாளுக்குப் பல முறை மின்சாரம் போய் வந்தது. 2024இன் தொடக்கத்துக்குப் பின் நிலைமை வெகுவாகத் தணிந்திருந்தாலும், அக்கம்பக்கத்துக் கோளாறுகளால் மின்சாரம் போவது நின்றுவிடவில்லை. போகும்போது நேரும் கேட்டைவிட, திரும்பி வரும்போது எழும் மின்னெழுச்சியால் வரும் கேடு பெரியது. பல முறை அடிவாங்கிய சார்ஜர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும், கணினி கடுமையாக வேலை செய்யும் நேரத்தில் போதிய மின்சாரம் கொடுக்காமல் கைவிட்டுவிடும்.

சோதனை எளிது. மின்கலம் முழுதாக இருக்கும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் வழக்கம்போல் பயன்படுத்துங்கள். அப்போது விழாமல், சார்ஜரை மாட்டிய பின் மட்டும் விழுந்தால் சார்ஜரையோ சுவர்க் குழியையோ பாருங்கள். சார்ஜர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழுகிறதென்றால் மேலே தொடருங்கள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைக் கண்டு, மின்வழங்கிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் பலர். கணினி முறையாக மூடப்படாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அந்தப் பதிவு சொல்கிறது. மின்சாரம் போனாலும் அதுவே வரும். டிரைவர் பிழையால் விழுந்தாலும் அதுவே வரும்.

இரண்டாம் படி: குறிப்பேடு

எங்கள் வகுப்பில் தமிழ் கற்பிக்கும் மூத்த ஆசிரியை ஒருவரின் மடிக்கணினிதான் இந்த முறையை எனக்கு உறுதிப்படுத்தியது. புதன்கிழமை மேம்படுத்தினார், சனிக்கிழமைக்குள் ஏழு முறை விழுந்திருந்தது. நான் உடனே எதையும் தொடாமல், ஒரு வாரம் எழுதி வரும்படி கேட்டுக்கொண்டேன். வாக்கியம் எழுதும் கோடிட்ட நோட்டில் அவர் எழுதிக் கொண்டுவந்தது இப்படி இருந்தது: "திங்கள், காலை 6.40. மூடியைத் திறந்தேன், கடவுச்சொல் போட்டேன், மின்னஞ்சல் சுற்றிக்கொண்டே இருந்தது, பிறகு விழுந்தது. செவ்வாய், மாலை 4.15. மூடியைத் திறந்தேன், மூன்று நிமிடம். செவ்வாய், இரவு. இரண்டு மணி நேரம் பாடம் தட்டினேன், ஒன்றும் ஆகவில்லை." பக்கத்தைப் படித்ததுமே விடை தெரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்த சில நிமிடங்களில், அதாவது கணினி உறக்கத்திலிருந்து எழுந்து வைஃபையைத் தேடும் நேரத்தில்தான் விழுந்திருக்கிறது. தொடர்ந்து விழித்திருந்தபோது அது விழவே இல்லை.

நீங்களும் ஐந்து செய்திகளை எழுதுங்கள்: நாள், மணி, அப்போது செய்துகொண்டிருந்த வேலை, சார்ஜர் மாட்டியிருந்ததா என்பது, திரையில் தோன்றிய நிறுத்தக் குறியீடு. அந்தத் திரை நெடுங்காலம் நீலமாக இருந்தது. 2025இல் விண்டோஸ் 11இல் அது கறுப்பாக மாற்றப்பட்டது. நிறம் எதுவானாலும் குறியீடும், சில வேளைகளில் பிழை செய்த டிரைவரின் கோப்புப் பெயரும் அதில் இருக்கும். திரை விரைவாக மறைந்துவிட்டால், தேடுபெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டுங்கள். நாள்வாரியாகச் சிவப்புப் புள்ளிகளுடன் ஒரு வரைபடம் திறக்கும். மேம்படுத்திய நாளுக்கு முன்பே சிவப்புப் புள்ளிகள் நிறைந்திருந்தால், பழி புதிய இயங்குதளத்தின் மேல் இல்லை.

மூன்றாம் படி: குறியீட்டைப் படித்தல்

எல்லாக் குறியீடுகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ஒரு சிலவே அடிக்கடி வருகின்றன. 'டிபிசி வாட்ச்டாக் வயலேஷன்' என்றால் ஏதோவொரு டிரைவர் தன் வேலையை உரிய நேரத்துக்குள் முடிக்காமல் கணினியைக் காக்க வைத்துவிட்டது என்று பொருள். வைஃபை, வட்டு ஆகியவற்றின் டிரைவர்களை முதலில் பாருங்கள். 'டிரைவர் பவர் ஸ்டேட் ஃபெயிலியர்' என்பது உறங்கும்போதோ விழிக்கும்போதோ ஒரு கருவி ஒத்துழைக்கவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆசிரியையின் கணினியில் வந்தது இதுதான். 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வந்தால் நினைவகத்தைச் சோதியுங்கள். 'வீயா அன்கரெக்டபிள்' என்று வந்தால் அது வன்பொருளே முறையிடுவது. சூடு, மின்சாரம், செயலி ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமே தவிர விண்டோஸைத் திரும்பத் திரும்ப நிறுவிப் பயனில்லை. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு வந்தாலும் என் சந்தேகம் நினைவகத்தின் மேல்தான் முதலில் விழும்.

நான்காம் படி: விழுவதை நிறுத்துதல்

கணினி உள்ளே நுழையவே விடாமல் விழுகிறதென்றால், தொடங்கும்போதே மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று முறை செய்தால் விண்டோஸ் தானாகவே மீட்புத் திரைக்குப் போகும். அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்ற வழியில் சென்று, மறுதொடக்கத்துக்குப் பின் 4ஐ அழுத்தினால் பாதுகாப்பு முறையில் திறக்கும். அம்முறையில் மிக அவசியமான டிரைவர்கள் மட்டுமே ஏறுகின்றன, வைஃபை பொதுவாக வேலை செய்யாது. அங்கே ஒரு மணி நேரம் விழாமல் நின்றால், வழக்கமான முறையில் ஏறும் ஏதோவொரு டிரைவரோ மென்பொருளோதான் குற்றவாளி என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

முதலில் கழற்ற வேண்டியவை, வெளியிலிருந்து நிறுவிய வைரஸ் தடுப்பு மென்பொருளும் விபிஎன் மென்பொருளும். இவை இணையப் போக்குவரத்தின் நடுவே தங்கள் வடிகட்டியை நுழைத்து வைத்திருப்பவை; இயங்குதளம் மாறியதும் பழைய வடிகட்டி புதியதோடு மோதுகிறது. நீக்கினால் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு தானே வேலையை ஏற்றுக்கொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன் நிறுவிய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸிலேயே இருக்கும்போது, ஒவ்வொரு விசையையும் இடைமறிக்கும் பழைய நிரல் தேவையில்லை.

அடுத்தது வைஃபை டிரைவர். கணினியின் கருவிகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்பதன் கீழுள்ள வைஃபை அட்டையை இருமுறை தட்டி, டிரைவர் என்ற பக்கத்தில் பதிப்பு எண்ணையும் தேதியையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். 'ரோல் பேக்' பொத்தான் உயிரோடு இருந்தால் அதை அழுத்துங்கள். பெரிய மேம்படுத்தலுக்குப் பின் அது பெரும்பாலும் மங்கிக் கிடக்கும். அப்போது மடிக்கணினியின் அடியிலுள்ள வரிசை எண்ணைக் கொண்டு அதன் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்திலிருந்து அந்த மாதிரிக்குரிய டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். கோப்பு கைக்கு வந்த பின்தான் பழைய டிரைவரை நீக்க வேண்டும். நீக்கும்போது, டிரைவரையும் சேர்த்து அகற்றுவதற்கான பெட்டியில் குறியிடுங்கள். இல்லாவிட்டால் அதே டிரைவரே மறுபடி வந்து உட்காரும். புதியதை நிறுவி மறுதொடக்கம் செய்த பின், விண்டோஸ் அப்டேட்டைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வையுங்கள். அதற்குள் கணினி நிலையாக இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

'உங்கள் கணினியில் 34 டிரைவர்கள் பழையவை' என்று பயமுறுத்திப் பணம் கேட்கும் மென்பொருள்களை தயவுசெய்து நிறுவாதீர்கள். அவற்றை நிறுவிய கணினிகளைச் சரிசெய்வதற்கு எனக்கு இரட்டிப்பு நேரம் ஆகிறது.

நினைவகத்தைச் சோதிக்க, தேடுபெட்டியில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தட்டி, இரவு படுக்கப் போகும்முன் ஓடவிடுங்கள். கடற்காற்றும் ஈரப்பதமும் மிகுந்த டர்பனில், நினைவக அட்டையின் பொன்னிறப் பற்கள் மங்கிப்போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மின்கலத்தைக் கழற்றிய பின் அட்டையை எடுத்து, பற்களை மெல்லிய அழிப்பானால் துடைத்து, துகளை ஊதிவிட்டு மீண்டும் அழுத்தமாக மாட்டியதில் சரியானவை உண்டு. விசிறியின் தூசியையும் அப்போதே எடுத்துவிடலாம்.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் கெட்டிருக்கலாம் என்று தோன்றினால், நிர்வாகி உரிமையோடு டெர்மினலைத் திறந்து, முதலில் டிசம் கருவியின் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளையையும், அது முடிந்த பின் எஸ்எஃப்சியின் ஸ்கேன்நவ் கட்டளையையும் ஓட்டுங்கள். வரிசையை மாற்றாதீர்கள்: எஸ்எஃப்சி பழுதுபார்க்க எடுக்கும் மூலக் கோப்புகளைச் சீராக்குவதுதான் டிசம் செய்யும் வேலை.

ஐந்தாம் படி: வைஃபை

முதல் கேள்வி: அதே இடத்தில் உங்கள் கைபேசிக்கு வைஃபை ஒழுங்காகக் கிடைக்கிறதா? கிடைக்கவில்லை என்றால் கணினியை விட்டுவிட்டு ரவுட்டரிடம் போங்கள். மின்சாரம் திரும்பியதும், ஃபைபர் வந்து சேரும் சுவர்ப் பெட்டியும் ரவுட்டரும் ஒரே நொடியில் எழுகின்றன. பெட்டி முழுதாக எழும்முன் ரவுட்டர் இணைப்பைத் தேடி ஏமாந்துவிடுவதுண்டு. இரண்டையும் அணைத்து, சுவர்ப் பெட்டியை முதலில் போட்டு இரண்டு நிமிடம் பொறுத்து, பிறகு ரவுட்டரைப் போடுங்கள். சிறிய மின்கலப் பெட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் இரண்டையும் அதில் இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். ரவுட்டருக்கு மட்டும் மின்சாரம் இருந்து பயனில்லை.

கைபேசிக்குக் கிடைத்து, கணினிக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால், கோளாறு எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்.

வைஃபை பொத்தானே காணாமல் போயிருந்தால், டிவைஸ் மேனேஜரில் அட்டையின் மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கும், அல்லது அட்டையே இருக்காது. இதற்கு முதல் மருந்து முழு மின்னிறக்கம். கணினியை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய மின்கலமானால் அதையும் எடுத்து, மின்பொத்தானை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். விண்டோஸில் சாதாரணமாக 'ஷட் டவுன்' கொடுத்தால் கணினி முழுவதுமாக அணைவதில்லை; ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்னும் வசதி, கருவறையின் நிலையை வட்டில் சேமித்து வைத்து மறுநாள் அதையே எழுப்புகிறது. நேற்றுக் குழம்பிய டிரைவர் இன்றும் குழம்பியபடியே எழுவது இதனால்தான். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் வழியாக அந்த வசதியை நிறுத்திவிடுவதையே நான் விரும்புகிறேன்; தொடங்க ஆகும் சில நொடிகள் பெரிய இழப்பல்ல.

வைஃபையே இல்லாமல் டிரைவரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு கைபேசியை யுஎஸ்பி கம்பியால் கணினியில் இணைத்து, கைபேசியின் அமைப்பில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். கணினி அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். இணைத்தவுடன் முதல் வேலையாக நெட்வொர்க் அமைப்பில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள். மறந்தால், முன்பணம் கட்டி வாங்கிய டேட்டாவை விண்டோஸ் தன் புதுப்பிப்புகளுக்காக ஒரே மூச்சில் குடித்துவிடும்.

பக்கத்து வீட்டுப் பெயர்களெல்லாம் தெரிந்து உங்கள் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால், அலைவரிசையைப் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் இங்கே 1 முதல் 13 வரையிலான தடங்களை ரவுட்டர் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் பொதுவாக 11 வரைதான். அங்கிருந்து உறவினர் கொண்டுவந்த மடிக்கணினியோ, தவறான நாட்டு அமைப்புடன் வந்த டிரைவரோ 12, 13 தடங்களைக் கண்டுகொள்ளாது. ரவுட்டரில் தடத்தை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக நிலைநிறுத்துங்கள். சாட்ஸ்வொர்த்தின் இரட்டை வீடுகளில் ஒரே சுவரின் இருபுறமும் இரண்டு ரவுட்டர்கள் இருப்பதால், அடுத்த வீட்டுத் தடத்தைக் கேட்டறிந்து வேறொன்றை எடுப்பது இருவருக்கும் நல்லது.

இணைந்தும் 'இணையம் இல்லை' என்று வந்தால், இணைப்பின் விவரத்தில் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். வகுப்புக் கூடத்தில் எங்களுக்கு இது நேர்ந்தபோது காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு சனிக்கிழமைகள் பிடித்தன. அனுமதித்த கருவிகளின் முகவரிப் பட்டியல் ரவுட்டரில் இருந்தது. மேம்படுத்திய கணினியில் 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்' என்பது இயங்கிக்கொண்டிருந்ததால், பட்டியலில் இல்லாத முகவரியோடு அது கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அந்த வலையமைப்புக்கு மட்டும் அதை நிறுத்தியதும் சரியானது. கணினியின் நாளும் மணியும் சரியா என்பதையும் பாருங்கள். தவறினால் பாதுகாப்பான தளங்கள் எதுவும் திறக்காது.

இணைந்து இணைந்து அறுவதுதான் மேம்படுத்தலுக்குப் பின் மிகுதியாக வருவது. டிவைஸ் மேனேஜரில் வைஃபை அட்டையின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்ற பெட்டியின் குறியை எடுத்துவிடுங்கள். சில கணினிகளில் அந்தப் பக்கமே இருக்காது. அங்கே டிரைவரை மாற்றுவதே வழி. ரவுட்டரின் வைஃபை குறியாக்கம் இன்னும் பழைய டபிள்யூஇபி அல்லது டிகேஐபி ஆக இருந்தால் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்க்கு மாற்றுங்கள். டபிள்யூபிஏ2, 3 கலந்த முறையில் இடறும் பழைய அட்டைகள் உண்டு. அவற்றுக்காக டபிள்யூபிஏ2ஐ மட்டும் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

இவற்றுக்கெல்லாம் பிறகே 'நெட்வொர்க் ரீசெட்'. அது எல்லா அடாப்டர்களையும் நீக்கி மறுபடி நிறுவும், சேமித்த வைஃபை கடவுச்சொற்களையும் அழிக்கும்.

லினக்ஸுக்கு மாறிய கணினிகள்

டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி இல்லாததால் விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாத எங்கள் வகுப்பின் பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டிருக்கிறோம். அங்கே பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை அட்டைகளே பெரும் தொல்லை. கம்பி இணைப்பிலோ யுஎஸ்பி டெதரிங்கிலோ இருந்தபடி 'டிரைவர் மேனேஜர்' வழியாக அதற்குரிய டிரைவரை நிறுவுங்கள். கெர்னல் புதுப்பித்த பின் வைஃபை போய்விட்டால், தொடக்கத் திரையில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து திறந்து பாருங்கள். அதில் வேலை செய்தால், புதியதற்கான டிரைவர் தொகுக்கப்படவில்லை என்பதே காரணம்.

ஒன்பதாம் நாள்

இத்தனைக்கும் பிறகும் விழுகிறதென்றால், செட்டிங்ஸில் சிஸ்டம், ரிகவரி என்ற வழியில் 'கோ பேக்' பொத்தானை அழுத்துங்கள். சொந்தக் கோப்புகள் இருக்கும். மேம்படுத்திய பின் நிறுவிய செயலிகள் போய்விடும். மின்கலம் நிரம்பி, சார்ஜரும் மாட்டியிருக்கும்போது மட்டுமே தொடங்குங்கள். விண்டோஸ் 10க்குத் திரும்பியவர்கள் நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் சேர்ந்துகொள்வது அவசியம். பழைய விண்டோஸில் வெறுமனே விடப்பட்ட கணினியில் வங்கி வேலை செய்யாதீர்கள். திரும்பிய பின்னும் அதே குறியீட்டோடு விழுந்தால் குற்றம் வன்பொருளில் இருக்கிறது, குறிப்பேட்டோடு கடைக்குப் போங்கள்.

ஆசிரியையின் கணினிக்கு அந்த நிலை வரவில்லை. தயாரிப்பாளரின் டிரைவரைப் போட்டு மின்சேமிப்புப் பெட்டியின் குறியையும் எடுத்ததும் நின்றது. அவர் நோட்டின் அடுத்த பக்கத்தில் பதினொரு நாட்களுக்கு 'விழவில்லை' என்ற ஒற்றைச் சொல்லே வரிசையாக இருக்கிறது. பன்னிரண்டாம் நாளில், "அப்டேட்டை மறுபடி திறக்க வேண்டிய தேதி" என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறார்.